கையைப் பார்த்தபின் ரிப்போர்ட்டைப் பார்ப்போம்

(தியாகராய நகரில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"மூட்டுவலியைப் பத்தி அரை மணி நேரம் பேசுங்க சார். நம்ம செட்டுல பாதிப் பேருக்கு உபயோகப்படும்" என்றார் சங்கச் செயலாளர். ஒப்புக்கொண்டேன். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. விலங்கியல் படித்துவிட்டு, பரிசோதனைக்கூடப் பயிற்சி பெற்று, முப்பது வருஷத்துக்கும் மேலாக ரத்தப் பரிசோதனை மேஜையில் உட்கார்ந்தவன். அதனால் யாருக்கும் மருந்து சொல்ல மாட்டேன். ரிப்போர்ட்டில் அந்த எண்ணை எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில், அந்த எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கிறது. பனகல் பார்க்கைச் சுற்றி ஒரு நடை போய்ப் பாருங்கள். நகைக்கடைகளுக்குக் கொஞ்சம்தான் குறைவாக ரத்தப் பரிசோதனைக்கூடங்கள். காலையில் வெறும் வயிற்றோடு போய் "ஆர்த்ரைட்டிஸ் புரொஃபைல்" என்று நாமே கேட்டு எடுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் ரிப்போர்ட் கைக்கு வந்துவிடும். அதில் ஓர் எண் தடித்த எழுத்தில் இருந்தால் அன்று இரவு தூக்கம் போச்சு. இல்லாவிட்டால் "நல்லவேளை, ஒண்ணுமில்லை" என்று நிம்மதி. பல சமயம் இரண்டுமே தப்பாகப் போய்விடுகிறது.

எந்த மூட்டுவலி?

மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டு ஏறும்போது முழங்கால் "கடக்" என்கிறதே, அது பெரும்பாலும் தேய்மானம். வயசு, உடல் எடை காரணமாக வருவது. இன்றைய பேச்சு அதைப் பற்றி இல்லை. முடக்குவாதம், ஊர்ப்பக்கம் சரவாங்கி என்று சொல்வார்களே, டாக்டர்கள் ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் என்பார்களே, அதைப் பற்றித்தான்.

இதை வீட்டிலேயே ஓரளவு அடையாளம் காணலாம். தேய்மான வலி நடக்க நடக்க அதிகமாகும், உட்கார்ந்தால் குறையும். சரவாங்கி நேர்மாறு. காலையில் எழுந்ததும் கை விரல்கள் விறைத்துக்கொண்டு மடங்காது. அரை மணி, ஒரு மணி, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வேலை செய்யச் செய்யத்தான் கொஞ்சம் இளகும். பெரும்பாலும் இரண்டு கையிலும் வரும். விரல்களின் அடி மூட்டும் நடு மூட்டும் மணிக்கட்டும் பஞ்சு போல வீங்கும். நேற்று வரை ஏறிய வளையல் இன்று ஏறாது. கோலமாவைப் பிடிக்க முடியாது, தேங்காய் துருவ முடியாது. யாராவது அன்பாகக் கையைப் பிடித்துக் குலுக்கினால் உயிர் போகும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். முப்பது வயதிலும் வரும். ஆறு வாரத்துக்கு மேல் இப்படி நீடித்தால் தைலம் தடவிக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

காவல்காரர் கதை

உடம்புக்குள் கிருமி வந்தால் அதைப் பிடிக்க ரத்தத்தில் உருவாகும் புரதத்துக்கு எதிர்ப்பொருள், ஆன்டிபாடி என்று பெயர். வீட்டுக்குக் காவல்காரர் மாதிரி. சிலருக்கு இந்தக் காவல்காரர் வீட்டுக்காரரையே திருடன் என்று பிடித்துவிடுகிறார். அதுதான் ஆட்டோ ஆன்டிபாடி. தமிழில் தன்னெதிர்ப்பொருள் எனலாம். ஆர்.ஏ. ஃபேக்டர் இதிலும் ஒரு தனி ரகம். அங்கே ஒரு காவல்காரர் இன்னொரு காவல்காரரின் பிடரியைப் பிடிக்கிறார். ஐ.ஜி.எம். என்ற வகை எதிர்ப்பொருள், ஐ.ஜி.ஜி. என்ற வகை எதிர்ப்பொருளின் வால் பகுதியில் போய் ஒட்டிக்கொள்கிறது.

இதை முதலில் பார்த்தவர் நார்வே நாட்டு எரிக் வாலர். வேறொரு சோதனைக்காக செம்மறி ஆட்டின் சிவப்பணுக்களை வைத்து வேலை செய்துகொண்டிருந்தபோது, முடக்குவாத நோயாளியின் சீரம் அவற்றைத் திரிதிரியாக ஒட்ட வைப்பதைக் கவனித்தார். 1940-ல் வெளியிட்டார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அது பெரிதாக எடுபடவில்லை. 1948-ல் அமெரிக்காவில் ஹாரி ரோஸ் குழுவினர் தனியாக அதையே கண்டுபிடித்தார்கள். இருவர் பெயரையும் சேர்த்து ரோஸ்-வாலர் டெஸ்ட் என்றார்கள். 1956-ல் சிங்கர், பிளாட்ஸ் என்ற இருவர் ஆட்டு ரத்தத்துக்குப் பதிலாக நுண்ணிய லேடக்ஸ் துகள்களைப் பயன்படுத்தினார்கள். அதன்பின் எந்தச் சின்னக் கூடத்திலும் இதைச் செய்ய முடிந்தது.

எங்கள் காலத்து வேலை அதுதான். கறுப்புப் பின்னணியில் ஒரு ஸ்லைடு. அதில் ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு லேடக்ஸ். குச்சியால் கலக்கி இரண்டு நிமிஷம் மெல்ல ஆட்ட வேண்டும். பால் திரிந்த மாதிரி குருணை குருணையாக வந்தால் பாசிட்டிவ். பிறகு சீரத்தைப் பாதி பாதியாக நீர்க்கச் செய்து, எதுவரை திரிகிறது என்று பார்த்து எழுதுவோம். இன்று இயந்திரமே அளந்து எண்ணைக் கொடுக்கிறது. ஒரு கூடத்தில் 14-க்கு மேல் அதிகம் என்பார்கள், இன்னொரு கூடத்தில் 20-க்கு மேல். ஆகவே இரண்டு கூடத்து எண்களைப் பக்கத்தில் வைத்து "ஏறிடுச்சு, இறங்கிடுச்சு" என்று பேசுவதில் பொருளே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு

மாணவத் தம்பிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. முடக்குவாதம் உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 70 பேருக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவாக வரும். நல்ல சோதனை மாதிரிதான் தெரிகிறது, இல்லையா? ஆனால் எந்த வியாதியும் இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு வரும். வயசானவர்களில் அதற்கும் மேல். காசநோய், தொழுநோய், சில மஞ்சள் காமாலைக் கிருமிகள் இருந்தாலும் வரும்.

1993-ல் பேராசிரியர் மாளவியா குழுவினர் வட இந்தியக் கிராமங்களில் எடுத்த கணக்கின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் முடக்குவாதம் 0.75 சதவீதம். அதாவது ஆயிரத்துக்கு ஏழெட்டுப் பேர். எட்டு என்றே வைத்துக்கொள்வோம். பாண்டி பஜாரில் போகிறவர்களில் ஆயிரம் பேரை நிறுத்தி எல்லோருக்கும் இந்த டெஸ்ட் எடுத்தால் என்ன ஆகும்? வியாதி உள்ள எட்டுப் பேரில் ஐந்தாறு பேர் பாசிட்டிவ். வியாதி இல்லாத 992 பேரில் ஐந்து சதவீதம் என்றால் சுமார் 50 பேர் பாசிட்டிவ். ஆக 55 பேர் பயந்து போவார்கள். அதில் 50 பேருக்கு ஒன்றுமே கிடையாது. வியாதி உள்ளவர்களில் இரண்டு மூன்று பேர் நெகட்டிவ் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

கெட்டது டெஸ்ட் இல்லை. யாருக்கு எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்து, வீக்கம் இருக்கிறது, காலை விறைப்பு இருக்கிறது என்று சந்தேகப்பட்ட பிறகு எடுத்தால் அதே டெஸ்ட் பேசும்.

தர்பூசணி தந்த பெயர்

இரண்டாவது எதிர்ப்பொருள் ஆன்டி சி.சி.பி. நம் புரதங்களில் ஆர்ஜினின் என்று ஓர் அமினோ அமிலம் உண்டு. அழற்சி வந்த இடத்தில் ஒரு நொதி அதைச் சிட்ருலினாக மாற்றிவிடுகிறது. தர்பூசணியிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால், அதன் தாவரவியல் பெயரான சிட்ரல்லஸை ஒட்டி வைத்த பெயர் அது. இப்படி முகம் மாறிய புரதத்தைப் பார்த்து "இது யாரோ வெளியாள்" என்று சிலர் உடம்பு எதிர்ப்பொருள் செய்கிறது. 1998-ல் ஹாலந்து விஞ்ஞானிகள் இதைத் துலக்கினார்கள். அடுத்த சில வருஷங்களில் சோதனையாக வந்தது. ஆர்.ஏ. ஃபேக்டர் அளவுக்குத்தான் நோயாளிகளைப் பிடிக்கும். ஆனால் வியாதி இல்லாதவரைத் தப்பாகப் பிடிப்பது இதில் மிகவும் குறைவு. 2010-ல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய்ச் சங்கங்கள் சேர்ந்து வகுத்த விதிகளில் இதற்கும் இடம் கொடுத்தார்கள்.

"அப்போ தர்பூசணி சாப்பிடலாமா?" என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாகச் சாப்பிடலாம். பழத்தில் இருக்கும் சிட்ருலின் வேறு, நம் புரதச் சங்கிலிக்குள் மாறி உட்காரும் சிட்ருலின் வேறு. விட வேண்டியது சிகரெட். புகை நுரையீரலில் இந்த மாற்றத்தைத் தூண்டுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பல் ஈறு நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகக் காண்கிறார்கள். ஆகவே பல் டாக்டரையும் மறக்க வேண்டாம்.

ஜாதகமும் தெர்மாமீட்டரும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த எதிர்ப்பொருள்களை வைத்து வியாதி இன்று எவ்வளவு உக்கிரமாக இருக்கிறது என்று அளக்கலாமா?

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு மாமி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆர்.ஏ. ஃபேக்டர் பார்க்க வருவார்கள். எட்டு ரிப்போர்ட்டுகளை வரிசையாகக் கோத்து வைத்திருந்தார்கள். எண் ஒருமுறை ஏறும், ஒருமுறை இறங்கும். கடைசி ரிப்போர்ட்டில் நன்றாக இறங்கியிருந்தது. சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். வாங்கும்போது காகிதத்தை விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து எடுத்தார்கள்.

"மாமி, கையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன்.

"கை எதுக்குப்பா? எல்லாம்தான் ரிப்போர்ட்ல இருக்கே" என்றார்கள்.

மணிக்கட்டு இரண்டும் வீங்கி, விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாய ஆரம்பித்திருந்தன. இரண்டு வருஷமாக எண்ணைப் பார்த்தார்கள். கையை யாரும் பார்க்கவில்லை. ஒரு வாதநோய் நிபுணரைப் பார்க்கச் சொன்னேன், பார்த்தார்கள். வீக்கம் வடிந்தது. சாய்ந்த விரல் சாய்ந்ததுதான். எலும்பு அரித்துவிட்டால் எந்த மருந்தும் அதைத் திரும்பக் கட்டித் தராது.

நான் இதை இப்படித்தான் விளக்குவது வழக்கம். ஆர்.ஏ. ஃபேக்டரும் ஆன்டி சி.சி.பி.யும் ஜாதகம் மாதிரி. இன்ன வகை வியாதி, எண் மிக அதிகமாக இருந்தால் கொஞ்சம் முரட்டு வகை, எலும்பை அரிக்கக்கூடும், நுரையீரலையும் தொடக்கூடும், ஆரம்பத்திலேயே கவனம் வேண்டும் என்று அது சொல்லும். இன்றைக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று ஜாதகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அதற்குத் தெர்மாமீட்டர் வேண்டும். சிகிச்சையில் ஆர்.ஏ. ஃபேக்டர் சிலருக்கு இறங்குவது உண்டு. ஆன்டி சி.சி.பி. அவ்வளவாக அசையாது. வீக்கம் முழுக்க வடிந்து, நன்றாக நடமாடுகிற பலருக்கு இரண்டும் பாசிட்டிவாகவே இருக்கும். அதைப் பார்த்து "இன்னும் வியாதி போகலை" என்று கலங்க வேண்டியதில்லை. எண் இறங்கியது என்று மருந்தை நிறுத்தவும் கூடாது.

தெர்மாமீட்டர் எது? டாக்டர்கள் 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்துக் கணக்கெடுக்கும் முறை ஒன்று உண்டு. தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் ஆகியவை இரண்டிரண்டு, கை விரல்களில் இருபது. எத்தனை வலிக்கிறது, எத்தனை வீங்கியிருக்கிறது என்று எண்ணுவார்கள். "மொத்தத்தில் உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று நோயாளியிடமே நூற்றுக்கு மார்க் கேட்பார்கள். கூடவே ஒரு ரத்தப் பரிசோதனை, இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. இவற்றைச் சேர்த்து வரும் எண் 2.6-க்குக் கீழே என்றால் வியாதி அடங்கியிருக்கிறது, 5.1-க்கு மேலே என்றால் உக்கிரம். கவனியுங்கள், நாலு பங்கில் மூன்று பங்கு கையால் தொட்டும் வாயால் கேட்டும் தெரிந்துகொள்வது. ரத்தம் ஒரு பங்குதான். அந்த இ.எஸ்.ஆர். கூட ரத்தசோகை இருந்தாலோ சளிக் காய்ச்சல் வந்தாலோ ஏறிவிடும்.

2006-ல் சிக்குன்குனியா வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாடு முழுக்க முடங்கிப் போனது. நாடு முழுவதும் சுமார் 14 லட்சம் பேருக்குச் சந்தேகம் என்று அரசுக் கணக்கு. காய்ச்சல் நாலு நாளில் போனது. மூட்டு வீக்கம் பலருக்கு மாதக்கணக்கில் நின்றது. பார்த்தால் அசல் சரவாங்கி மாதிரியே இருக்கும். எல்லோரும் ஆர்.ஏ. ஃபேக்டர் எடுக்க வரிசையில் நின்றார்கள். அங்கே காலண்டரும் கதையும்தான் முதலில் பேச வேண்டும். எப்போது காய்ச்சல் வந்தது, வீட்டில் வேறு யாருக்கு வந்தது, தெருவில் யாருக்கு வந்தது என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நம்ம ஊர்க்காரர் கொடுத்த மாத்திரை

சீக்கிரம் கண்டுபிடிப்பதில் இவ்வளவு அக்கறை ஏன் என்றால், இதற்கு மருந்து இருக்கிறது. இன்று உலகெங்கும் முடக்குவாதத்துக்கு முதலில் எழுதுவது பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். கூடவே ஃபோலிக் ஆசிட். இந்த இரண்டு மாத்திரையும் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் உருவானவை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அமெரிக்காவில் லெடர்லி கம்பெனியின் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்ரகட சுப்பாராவ். ஆந்திரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி என்று நம் ஊரில் படித்தவர். பிறகு கப்பலேறினார். உயிர்வேதியியல் மாணவர்கள் பாஸ்பரஸ் அளக்கிறார்களே, ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை, அந்தச் சுப்பாராவ்தான். 1948 ஆகஸ்டில் காலமானார். ரோஸ் தன் டெஸ்டை வெளியிட்டதும் அதே வருஷம். குறைந்த அளவில் வாரம் ஒருமுறை கொடுத்தால் முடக்குவாதம் அடங்கும் என்று 1980-களில் முறையான ஆய்வுகளில் நிரூபித்து, 1988-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

வாரம் ஒருமுறை என்றேன். அதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. தெரியாமல் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் யாராவது சாப்பிட்டால், எந்தக் கிழமை என்று காலண்டரில் எழுதி மாட்டுங்கள். குழந்தை பெற நினைப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்த மருந்து சாப்பிடும்போது ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம் மூன்றையும் டாக்டர் சொன்ன இடைவெளியில் பார்த்தே ஆக வேண்டும். டெஸ்டுக்குக் காசு செலவழிப்பதானால் அதில் செலவழியுங்கள். ஜாதகத்தை மாதாமாதம் கணிக்க வேண்டாம்.

சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

மூட்டில் வீக்கமே இல்லாமல் ஆர்.ஏ. ஃபேக்டர் எடுக்காதீர்கள். வீக்கம் இருந்து ரிப்போர்ட் நெகட்டிவ் என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். முடக்குவாதக்காரர்களில் ஐந்தில் ஒருவருக்காவது இரண்டு எதிர்ப்பொருளும் கடைசி வரை வராது. பாசிட்டிவ் என்றால் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். டாக்டர் காரணம் சொல்லிக் கேட்டால் ஒழிய மறுபடி எடுக்க வேண்டாம். ஊர் பேர் எழுதாத பொட்டலத்தை வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஒரே நாளில் வலி பறந்துபோனால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே அரசு பொது மருத்துவமனை. பேராசிரியர் ஏ.என். சந்திரசேகரன் போன்றவர்கள் வளர்த்தெடுத்த வாதநோய்த் துறை அங்கே இருக்கிறது. சீட்டு வாங்கிக் காத்திருக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

மாணவர்களுக்கு வேலை பாக்கி இருக்கிறது. 2004-ல் ஹாலந்தில் ரத்த தானம் செய்தவர்களின் பழைய சீரத்தை எடுத்துப் பார்த்தார்கள். பிற்பாடு முடக்குவாதம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு, வலி தொடங்குவதற்குச் சராசரி நாலரை வருஷம் முன்பே இந்த எதிர்ப்பொருள்கள் வந்திருந்தன. அப்படியானால் முன்கூட்டியே தடுக்கலாமா? 2024-ல் வெளியான ஆய்வுகளில், எதிர்ப்பொருளும் மூட்டுவலியும் இருந்து இன்னும் வியாதி முற்றாதவர்களுக்கு அபாடாசெப்ட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வியாதி தள்ளிப் போனது. மருந்தை நிறுத்திய பின் அந்த வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது. எதிர்ப்பொருள் இருந்தும் சிலருக்கு வியாதி ஏன் வருவதே இல்லை? வியாதியின் உக்கிரத்தோடு கூடவே ஏறி இறங்கும் ஒரு நல்ல அடையாளம் ரத்தத்தில் கிடைக்குமா? இதற்கெல்லாம் விடை சொல்ல வேண்டியவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான்.

எங்கள் செட்டுக்காரர்களுக்கு ஒரே வேண்டுகோள். இன்று சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்காருபவரின் கையைக் கொஞ்சம் பாருங்கள். மோதிரம் இறுகியிருந்தால், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தால், காலையில் விரல் விறைக்கிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் லேபுக்கு அனுப்பாதீர்கள், டாக்டரிடம் அனுப்புங்கள். லேபுக்கு எப்போது அனுப்புவது என்று அவர் பார்த்துக்கொள்வார்.